‘என்று’ எங்கே போச்சு?

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். ஒரு பை ஆரஞ்சு, ஒரு லேப்டாப். நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அவர்கள் கொடுப்பதை வாசித்தால், கம்ப்யூட்டர் என் குரலைப் படித்துக்கொள்ளுமாம். அப்புறம் எந்த அறிவிப்பை எழுதிப் போட்டாலும் என் குரலிலேயே அது பேசுமாம். “நீங்க இல்லாட்டியும் உங்க குரல் இருக்கும் சார்” என்றார் வந்தவர்களில் ஒரு பெண், ஏதோ சொர்க்கத்தில் இடம் பிடித்துத் தருகிற மாதிரி.

மாட்டேன் என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். கிழவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் பயம் என்று படி இறங்கும்போது பேசிக்கொண்டார்கள். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. கம்ப்யூட்டர் மேல் எனக்கு ஒரு பயமும் இல்லை. ஒரு மனிதனின் குரலை எடுத்து ஊரைக் கெடுக்கக் கம்ப்யூட்டர் எதற்கு? ஒரு கட்டைவிரல் போதும். என் குரலுக்கே அது நடந்தது. அதை எழுதி வைக்கிறேன். அந்தப் பெண் ஃபார்வேர்டுகளுக்கு நடுவே நேரம் கிடைத்தால் படிக்கட்டும்.

நாமக்கல் பக்கம் அரசாங்க அறிவிப்பு வண்டியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். சேர்ந்தது ஒலிபெருக்கி உதவியாளராக. புனல் குழாய் கட்டுவது, ஆம்ப்ளிஃபயர் தூக்குவது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது. அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு நாளில் மைக்கை என் கையில் கொடுத்தார்கள். அதற்கப்புறம் திருப்பி வாங்கவில்லை. போலியோ சொட்டு மருந்து, வாக்காளர் பட்டியல், கொசு ஒழிப்பு, மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்தால் ஆற்றோர ஊர்களுக்கு எச்சரிக்கை, எல்லாம் நான்தான். எனக்குச் சண்முகம் என்று ஒரு பெயர் இருப்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு நான் ‘மைக் சார்’. டீக்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு டீ கேட்டால் போதும். “ஏனுங்க சார், தண்ணி தொறந்துட்டாங்களா?” என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

கொரோனா வந்தபோது நான் ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. எங்கள் பிரிவுக்கு அப்போதுதான் புது அதிகாரி வந்திருந்தார். வாசுகி மேடம், ஆத்தூர்க்காரர். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். நாற்காலியின் முன் விளிம்பில்தான் உட்காருவார், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகப் போகிறவர் மாதிரி. சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நாம் எழுதிக் கொடுக்கும் அறிவிப்பைப் பென்சிலால் அடித்துத் திருப்பித் தருவார். ‘மாபெரும்’ போய்விடும். ‘விஷமிகள்’ போய்விடும். ‘எள்ளளவும்’ போய்விடும். கடைசியில் கையில் நான்கு வரி நிற்கும். இந்த அம்மாவுக்கு மைக் என்றால் என்ன தெரியும் என்று முதல் மாதம் முழுக்க டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது முட்டைக் கதை. முட்டையிலும் கோழிக்கறியிலும் கொரோனா பரவுகிறது என்று யாரோ எங்கிருந்தோ அனுப்பிவிட்டார்கள். முட்டையால் பிழைக்கிற ஊர் இது. பண்ணைக்குத் தீவனம் ஏற்றுகிறவர், அட்டை மடிக்கிறவர், லாரி ஓட்டுகிறவர், எல்லோர் வீட்டுச் சோறும் அதில் இருக்கிறது. அந்த ஊரிலேயே முட்டையைக் கண்டால் கைக்குட்டையால் மூக்கை மூடினார்கள். காலையில் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு வந்து, சாயந்திரம் அந்த ஃபார்வேர்டை மாமனாருக்கு அனுப்பிய மேதைகளை எனக்குத் தெரியும்.

மேடத்திடம் எழுதிக் காட்டாமலே நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். “முட்டை, கோழிக்கறி சாப்பிட்டால் கொரோனா பரவும் என்று சமூக வலைத்தளங்களில் சில விஷமிகள் பரப்பிவரும் செய்தியில் எள்ளளவும் உண்மை இல்லை” என்று தெருத்தெருவாக முழங்கினேன். மறுநாள் ஒரு மளிகைக் கடையில் ஒரு அம்மா என்னிடமே சொல்கிறது: “இனி முட்டை வாங்கறதில்லீங்க. நேத்து நீங்களே வண்டில சொல்லீட்டுப் போனீங்களே, முட்டை தின்னா கொரோனா பரவும்னு.”

இதை அலுவலகத்தில் ஜோக்காகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். வாசுகி மேடம் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, “வாங்க” என்றார்.

சேலம் ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தத்தின் திண்டில் என்னை உட்கார வைத்தார். கையில் ஒரு தாள், பென்சில். “உங்க ரெக்கார்டிங்க போட்டுக்கிட்டு வண்டி உங்களைத் தாண்டிப் போகும். காதுல விழறதை மட்டும் எழுதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதாதீங்க.”

வண்டி வழக்கமான வேகத்தில் போனது. எழுதினேன். திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். மூன்று முறை. ஒரு முறை ‘கோழிக்கறி சாப்பிட்டால் கொரோனா பரவும்’ என்பது மட்டும் விழுந்தது. ஒரு முறை வெறும் ‘சமூக வலைத்தளங்களில்’. இன்னொரு முறை ‘உண்மை’ வரைக்கும் கேட்டது. ‘இல்லை’யை டவுன் பஸ் ஹாரன் தின்றுவிட்டது. முப்பது வருடமாக நான் பேசியதை நான் ஒரு நாளும் ரோட்டில் உட்கார்ந்து கேட்டதில்லை.

“நம்ம பாஷையில ‘இல்லை’ கடைசியில வருது சண்முகம்” என்றார் மேடம். “அது வர்றதுக்குள்ள வண்டி போயிடுது. அதனால பொய்யைத் திருப்பிச் சொல்லவே சொல்லாதீங்க. மறுக்கறதுக்காகக்கூடச் சொல்லாதீங்க. உங்க வாக்கியத்துல எதைத் தனியா வெட்டி எடுத்தாலும் அது உண்மையா இருக்கணும்.”

அன்றைக்கு அவர் எழுதிக் கொடுத்தது இது: ‘முட்டை நல்ல உணவு. நன்றாக வேக வைத்துச் சாப்பிடுங்கள். குழந்தைகளுக்கும் கொடுங்கள்.’ அவ்வளவுதான். இதற்கு எதற்கு முப்பது வருட அனுபவம் என்று எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் அந்த வாரம் யாரும் நான் சொன்னதை என்னிடமே தலைகீழாகத் திருப்பிச் சொல்லவில்லை.

அப்புறம் மேடம் ஒரு நோட்டு போட்டார். யார் எந்த ஃபார்வேர்டை அனுப்பி ‘இது நெசமா?’ என்று கேட்டாலும், முதலில் அதை ஒரு எழுத்து விடாமல் கையால் எழுத வேண்டும். ஆடியோவாக இருந்தால் மூச்சு விடும் இடம், இருமல், பின்னால் கேட்கும் சத்தம் உட்பட. எழுதிய பிறகு அதில் வரும் ஆள், ஊர், ஆஸ்பத்திரி ஒவ்வொன்றின் அடியிலும் கோடு. கோடு போட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு போன். “கண்ணால படிச்சா பொய் வழுக்கிட்டுப் போயிடும். கையால எழுதினா எங்கே ஒட்டுப் போட்டிருக்குன்னு தெரியும்” என்பார்.

எழுதினேன். எழுத எழுத மனிதர்கள் மேல் இருந்த மரியாதை குறைந்துகொண்டே வந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதாக ஒன்று: மூக்கில் எலுமிச்சைச் சாறு விட்டால் கொரோனா செத்துவிடும். அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், “அந்தப் பேர்ல இங்க யாருமே கிடையாதுங்க, நீங்க இன்னைக்கு அஞ்சாவது ஆளு” என்றது ஒரு அலுத்துப்போன குரல். அனுப்பியவர் வங்கி மேனேஜர். அவர் மூக்கு வீங்கி இரண்டு நாள் லீவு. இன்னொன்று, ஹெலிகாப்டரில் மருந்து தெளிக்கப் போகிறார்கள், வெளியே இருப்பதை எல்லாம் மூடி வையுங்கள். ஒரு பண்ணைக்காரர் சித்திரை வெயிலில் கோழிக் கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினார். கொரோனா ஒரு கோழியையும் தொடவில்லை, புழுக்கம் தொட்டது. “அனுப்புனது எம்மச்சானுங்க, இஞ்சினியருங்க” என்று அவர் என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை, ஒரு பெருமைதான் இருந்தது.

படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று மேடையில் பேசுவார்கள். நோட்டை எழுதியவன் சொல்கிறேன். படிக்காதவர்கள் சந்தேகம் வந்தால் நர்ஸம்மாவைக் கேட்டார்கள். படித்தவர்கள் யாரையும் கேட்கவில்லை. அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

இத்தனை இளக்காரம் பேசுகிற நான் என்ன செய்தேன் என்பதற்கு வருகிறேன்.

தடுப்பூசி வந்த வருடம். ராசிபுரம் பக்கம் ஒரு ஊர், பேர் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் முகாம். நர்ஸம்மா இரண்டு பேர் காலையிலிருந்து ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே வேப்ப மரத்தடியில் நாற்பது பேர் நிற்கிறார்கள்; ஒருவரும் கேட்டைத் தாண்டி வரவில்லை. ஏனென்றால் கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் பைக்கில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். தியாகராஜன். ஏதோ கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தியவர், ஊரில் ‘புரபசர்’. ஊசி போட்டவர்கள் எல்லோரும் இரண்டு வருடத்தில் செத்துப்போவார்கள், வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் சொல்லிவிட்டார், அரசாங்கத்துக்கும் இது தெரியும் என்று வாசிப்பு.

நான் போய், “சார், படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா?” என்றேன்.

“நான் என்னங்க பண்ணேன்? வந்ததை வாசிக்கறேன். மறுத்துப் பேச உங்களுக்கு சயின்ஸ் தெரியுமா? மைக் புடிக்கத்தானே தெரியும்?”

மரத்தடியில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டுவிட்டது. மேடம் எழுதிக் கொடுத்த நான்கு வரி சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. வண்டிக்குப் போய் மைக்கை எடுத்து, என் முழுக் குரலில், வெள்ள எச்சரிக்கை சொல்லும் அதே குரலில் ஆரம்பித்தேன்:

“அன்பார்ந்த பொதுமக்களே! தடுப்பூசி போட்டுக்கொள்பவர்கள் அனைவரும் இரண்டே ஆண்டுகளில் இறந்துவிடுவார்கள். இது அரசாங்கத்துக்கும் தெரியும். ஆகவே, பொதுமக்கள் யாரும் முகாமுக்கு வர வேண்டாம் என்று, இதோ, ஒரு படித்த மேதை பைக்கில் உட்கார்ந்துகொண்டு செல்போனைப் பார்த்து வாசிக்கிறார். இதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை. சொல்பவர் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்!”

இப்போது சிரிப்பு அந்தப் பக்கம் திரும்பியது. புரபசர் முகம் செத்துப்போயிற்று. சிரித்தவர்களில் பத்துப் பதினைந்து பேர் உள்ளே வந்து ஊசியும் போட்டுக்கொண்டார்கள். வண்டியில் திரும்பும்போது டிரைவர், “சார், செம அடி” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை மேடம் அறைக்குக் கூப்பிட்டார். செல்போனை மேசையில் வைத்து ஒரு ஆடியோவைப் போட்டார். ‘அரசு அறிவிப்பு, உடனே பகிரவும்’ என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே என் குரல். ‘அன்பார்ந்த பொதுமக்களே’ என்று ஆரம்பித்து, ‘யாரும் முகாமுக்கு வர வேண்டாம்’ என்று முடிந்தது.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

மேடம் திட்டவில்லை. நோட்டை என் பக்கம் தள்ளினார். “எழுதுங்க.”

என் குரலை நானே கேட்டுக் கேட்டு எழுதினேன். எழுதி முடித்ததும், “அடுத்த வார்த்தை என்ன?” என்றார்.

“‘என்று’ மேடம்.”

“‘என்று’ எங்கே போச்சு?”

மறுபடி போட்டார். ‘வேண்டாம்’ முடிந்த பிறகு ‘எ’ என்று ஒரு அரை எழுத்து கேட்டது. வெட்டியவன் ஒரு நொடி பிந்திவிட்டான். இன்னொரு முறை கேட்டால், என் குரலுக்குக் கீழே, மிகக் கிட்டத்தில், பைக் இண்டிகேட்டரின் ‘கீக், கீக்’. அன்று முகாமில் இண்டிகேட்டரை அணைக்காமல் நின்றது ஒரே ஒரு பைக்தான், புரபசருடையது.

அன்றே புரபசர் வீட்டுக்குப் போனோம். புது வீடு, வாசலில் கல்லூரிப் பட்டம் போட்ட பலகை. அவர் பதறவில்லை. “எங்க காலேஜ் குரூப்புல தமாசுக்குப் போட்டேங்க. அப்பறம் டெலிட் பண்ணிட்டேன். எவனோ எடுத்து ஃபார்வேர்டு பண்ணா அதுக்கு நான் என்ன பண்றது?”

மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “நீங்க ஊசி போட்டாச்சா சார்?”

அவர் செருப்பைப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி, பாவம், வந்தவர்கள் கணக்கெடுக்க வந்தவர்கள் என்று நினைத்து, “ரெண்டு டோசும் போட்டாச்சுங்க. மொதல்லயே சேலத்துல போய்ப் போட்டுட்டு வந்துட்டோமுங்க” என்றது.

போலீசில் புகார் கொடுத்தோம். மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். ஒரு பக்கம். அதில் இரண்டு எழுத்துப் பிழை. அவர் இப்போதும் ஏதோ சங்கத்தில் தலைவர். தண்ணீர் சிக்கனம் பற்றிப் பேசுகிறார்.

நானும் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். பொதுமக்கள் நலன், எதிர்பாராத சூழ்நிலை, என் நீண்ட கால சேவை என்று நிரப்பியிருந்தேன். மேடம் பென்சிலை எடுத்தார். ஐந்து வரி மிஞ்சியது. ‘ஆத்திரத்தில்’ என்று ஒரு சொல் எழுதியிருந்தேன். அதை மட்டும் அடிக்கவில்லை. கீழே தன் பங்குக்கு, ‘இவரைத் தனியாக அனுப்பியது என் பொறுப்பு’ என்று எழுதி மேலே அனுப்பினார்.

மறுப்பு பேசிப் பதிவு செய்தோம். சின்னச் சின்ன வாக்கியம். ‘நான் சண்முகம் பேசுகிறேன். தடுப்பூசி உங்கள் உயிரைக் காக்கும். நான் போட்டுக்கொண்டேன்.’ அதை எல்லாக் குரூப்பிலும் போட்டோம். ஒருத்தரும் பகிரவில்லை. பகிர அதில் என்ன இருக்கிறது? யாரும் சாகவில்லையே. கேட்ட சிலரும், “மேலிடத்துல வாங்கிக் கட்டிக்கிட்டிருப்பாரு, அதான் மாத்திப் பேசறாரு” என்று முடித்துக்கொண்டார்கள். வெட்டின குரலை நம்பியவர்களுக்கு முழுக் குரல் சந்தேகமாக இருந்தது.

பரமத்திவேலூர் பக்கம் ஆற்றோரத்தில் நல்லுசாமி என்று ஒரு விவசாயி. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். ஒரு வருடம் என் எச்சரிக்கையைக் கேட்டு எருமைகளை மேட்டுக்கு ஓட்டினாராம். விடிந்து பார்த்தால் கட்டுத்தறியில் இடுப்பளவு தண்ணீர். அன்றிலிருந்து என் வண்டியைக் கண்டால் மறித்து, ஒரு கவுளி வெற்றிலை கொடுக்காமல் விடமாட்டார். அந்த ஊர் நர்ஸம்மா போன் செய்தார். நல்லுசாமிக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, சர்க்கரை வேறு இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார், நீங்கள் சொன்னால் கேட்பார்.

நானும் மேடமும் போனோம். முன்வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு கையையும் ஊன்றியபடி. அவர் விரலில் நர்ஸம்மா மாட்டிய கருவியைப் பார்த்துவிட்டு மேடம் ஆம்புலன்சுக்குப் போன் போடத் தள்ளிப் போனார்.

“வாங்க சார்” என்றார் நல்லுசாமி. “அக்கட்டயே… தள்ளி உக்காருங்க. எனக்குக் காச்சலு.”

“வண்டி வருதுங்க. கெளம்புங்க, ஆஸ்பத்திரி போலாம்.”

“அங்க போனா… ஊசி போட்ருவாங்க.”

“இது அந்த ஊசி இல்லீங்க. மூச்சு விடறதுக்கு ஆக்சிஜன் வெப்பாங்க.”

“நீங்கதான சார் சொன்னீங்க… போகாதீங்கன்னு? டோக்கன் வாங்கி வெச்சிருந்தனுங்க. நானும் ஊட்டுலயும். உங்க கொரலக் கேட்டுத்தான்… கிழிச்சுப் போட்டேன்.” தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். அதைப் போட்டார். அந்த வாசலில் நின்று அதை முழுதாகக் கேட்டேன். “இது உங்க கொரல் இல்லீங்களா?”

“என் குரல்தானுங்க.”

“அப்பறம் என்னங்க?”

வெட்டியது யார், எப்படி வெட்டினார், அரை ‘எ’ எங்கே கேட்கிறது என்று விளக்கினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், “இப்ப இப்பிடிச் சொல்லச் சொல்லீருக்காங்க போல” என்றார், என் மேல் இரக்கப்பட்டு.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். “நல்லுசாமிங்க, தப்பு எம்மேலதான். ஒருத்தன் என்னை எளக்காரமாப் பேசுனான். கோவத்துல அந்தப் பொய்ய நானே மைக்குல படிச்சேன். படிக்கக் கூடாதுன்னு மேடம் முன்னாலயே சொல்லியிருந்தாங்க. நான் படிச்சதனாலதான் அவன் வெட்ட முடிஞ்சுது. எனக்காக வாங்க.”

வெகுநேரம் மூச்சு வாங்கினார். பிறகு, “கோவத்துலயா?” என்றார். “நீங்களுமா சார்?” கையை நீட்டினார். நானும் நர்ஸம்மாவும் பிடித்து எழுப்பினோம்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒன்பதாம் நாள் காலை போய்விட்டார். டோக்கனைக் கிழிக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். “அது யாருக்கும் தெரியாதுங்க, ஆனா வாய்ப்பு நல்லாவே இருந்திருக்கும்” என்றார்.

விழிப்புணர்வு வீடியோவுக்கு அந்தக் குடும்பத்தைப் பேச வைக்கலாமே என்று மேலே இருந்து யோசனை வந்தது. வாசுகி மேடம் முடியாது என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினார். என்னிடம், “கேமரா இல்லாமப் போயிட்டு வாங்க” என்றார்.

கருமாதி முடிந்த பிறகு ஒரு மதியம் போனேன். நல்லுசாமியின் மனைவி பழனியம்மாள் கொடிக்காலிலிருந்து வந்துதான் கதவைத் திறந்தது. அந்த அம்மாவுக்குப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்திருந்தது. நான் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பை ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தியது.

“அதெல்லாம் இருக்கட்டுமுங்க. அவரு போனுல அது இன்னம் கெடக்குது. எனக்கு அழிக்கத் தெரீல. வேற ஆருகிட்டயும் குடுக்கவும் மனசு வல்ல. நீங்களே அழிச்சுப் போட்டுப் போங்க.”

போனை வாங்கித் திறந்தேன். அந்த ஆடியோ அவருக்கு வந்தது ஒரு முறை. அவரிடமிருந்து போனது பதினான்கு பேருக்கு. தங்கச்சி, மச்சான், மாமா, பங்காளிகள், வெற்றிலை வியாபாரி. ஒவ்வொன்றுக்குக் கீழேயும் அவரே பேசிய ஒரு சின்ன ஆடியோ. தெரியாமல் என் விரல் பட்டு ஒன்று ஓடிவிட்டது. “சரோசா, இது எனக்குத் தெரிஞ்ச சாரு கொரலு. நல்ல மனுசன். நீயும் மாப்ளையும் ஊசிக்குப் போயராதீங்க, சாமி.”

பழனியம்மாள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. “அவரு சொன்னா எல்லாருமே கேப்பாங்க” என்றது.

அழிப்பதால் என்ன ஆகப் போகிறது? பதினான்கு வீட்டில் அது உட்கார்ந்திருக்கிறது. “இந்தப் போன்லயே இவங்களக் கூப்பிட்டு நான் பேசட்டுங்களா?” என்று கேட்டேன். தலையசைத்தது. முதல் பெயர் சரோஜா, நல்லுசாமியின் தங்கை, ஓமலூரில் கட்டிக் கொடுத்தது.

“சொல்லு நங்கையா” என்றது அந்தப் பக்கம். அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“நங்கையா இல்லீங்க. நான் சண்முகம். உங்க அண்ணன் அனுப்புன ஆடியோவுல பேசுன ஆளு. அது வெட்டி ஒட்டுனதுங்க. அதுல இருக்கற என் குரல நீங்க நம்பாதீங்க…” என்று தொடங்கி, எனக்குத் தெரிந்த அத்தனை நிதானத்தோடும் பேசி முடித்தேன்.

“உங்க கொரலு எனக்குத் தெரியாதுங்களே” என்றது சரோஜா. “நாங்க ஓமலூருங்க. உங்க வண்டி இந்தப் பக்கமெல்லாம் வராது. அதுல ஆரு பேசுனாங்கன்னு நான் கவனிக்கக்கூட இல்லீங்க. எங்கண்ணன் வேண்டாம்னுச்சு. அதனால போவுல. நீங்க ஆருங்க வேணும்னு சொல்றதுக்கு?”

என் குரலை ஊரே நம்பியதால்தான் இத்தனையும் ஆயிற்று என்று நான் இரண்டு மாதமாகத் தூங்காமல் கிடந்தேன். அந்தக் குற்ற உணர்ச்சியிலும் எனக்கு ஒரு பெருமை இருந்திருக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் தெரிந்தது. நல்லுசாமியைத் தாண்டிப் போன இடத்தில் என் குரலை யாரும் நம்பவில்லை. அவர்கள் நம்பியது நல்லுசாமியை.

பழனியம்மாள் என் கையிலிருந்து போனை வாங்கியது.

“சரோசா, நாந்தான். அவரு சொல்றது நெசந்தான். உங்கண்ணன் தெரியாம உனக்கு அனுப்பிப் போட்டாரு. வேணும்னு பண்ணுவாரா அவரு? நாளைக்குக் காலைல நான் ஊசிக்குப் போறேன். நீயும் மாப்ளையும் போட்டுட்டு எனக்குக் கூப்புடுங்க. இன்னொருத்தர என்னால தாங்க முடியாது, கண்ணு.”

அந்தப் பக்கம் அழுகிற சத்தம். பிறகு, “செரி நங்கையா.”

வைத்துவிட்டு, முந்தானையால் போனைத் துடைத்து என்னிடம் நீட்டியது. “அடுத்த பேரு ஆருங்க? எனக்குப் படிக்கத் தெரியாது.”

வாசித்தேன். நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். பேசியது. அடுத்த பேர். வெயில் தாழும் வரைக்கும் அப்படியே போனது. ஒவ்வொருவரிடமும் அதே நாலு வரிதான், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. வாசுகி மேடத்தின் பென்சிலுக்கு அதில் வேலையே இருந்திருக்காது. ஒரு மாமா மட்டும், “பொம்பளைக்கு என்ன தெரியும்” என்று பாதியில் வைத்துவிட்டார்.

“அவருக்கே திருப்பிப் போடுங்க சார்” என்றது.

போட்டுக் கொடுத்தேன்.